வீச்சு நீளமும் எஞ்சின் நீளமும்

மியூனிக் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட பி.எம்.டபிள்யூ நிறுவனம் 1982ஆம் ஆண்டு அறிமுகப்படுத்தி 1990களின் தொடக்கம் வரை உற்பத்தி செய்த, இ30 என்னும் உட்குறியீட்டால் இன்றும் அறியப்படும் 3 வரிசைக் கார், ஏறத்தாழ 1200 கிலோ எடையும் 2570 மி.மீ. அச்சிடைத் தூரமும் கொண்ட, பின்சக்கரங்களால் உந்தப்படும் சிறிய செடான் ஆகும். நான்கு சிலிண்டர் எஞ்சினையும் ஆறு சிலிண்டர் எஞ்சினையும் ஒரே எஞ்சின் அறையில் ஏற்கும்படி அதன் முன்பகுதி வடிவமைக்கப்பட்டிருந்ததாலும், அதே நிறுவனம் அடுத்த இருபது ஆண்டுகளில் உருவாக்கிய ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் பலவும் ஏறக்குறைய அதே புற அளவுகளைத் தக்கவைத்துக்கொண்டதாலும், தேய்ந்துபோன பழைய எஞ்சினை இறக்கிவிட்டு அதைவிடப் பெரிய ஒன்றை ஏற்றும் பணி, உலகின் பல நாடுகளில் இந்தக் காரைச் சுற்றி ஒரு தனித் தொழில்நுட்ப மரபாகவே வளர்ந்துள்ளது. எந்த எஞ்சினை ஏற்றுவது என்னும் கேள்விக்குப் பெரும்பாலும் குதிரைத்திறன் எண்ணைக் கொண்டே விடை தேடப்படுகிறது. அந்த ஓர் எண் சொல்வதைக் காட்டிலும் அது மறைப்பது மிகுதி என்பதால், இயற்பியலின் பக்கமிருந்து இந்தக் கேள்வியை அணுகுவது பயனளிக்கும்.

இ30 காரின் ஆறு சிலிண்டர் வகைகளில் ஆலையிலேயே பொருத்தப்பட்டது எம்20 என்னும் எஞ்சின் குடும்பமாகும். 1977ஆம் ஆண்டு முதன்முதலாக வெளிவந்த இந்தக் குடும்பத்தின் உடற்பகுதி வார்ப்பிரும்பால் ஆனது; அதன்மேல் அமரும் தலைப்பகுதி அலுமினியத்தால் ஆனது; வால்வுகளைத் திறந்து மூடும் ஒற்றைக் கேம் தண்டு ரப்பர் டைமிங் பெல்ட்டால் சுழற்றப்படுகிறது. 325ஐ என்ற வகையில் இடம்பெற்ற 2494 சி.சி. எஞ்சின், வெளியேறும் வாயுவைத் தூய்மையாக்கும் வினையூக்கிக் கலத்துடன், 170 மெட்ரிக் குதிரைத்திறனையும் நிமிடத்துக்கு 4300 சுற்றுகளில் 222 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையையும் அளித்தது. முறுக்குவிசை என்பது எஞ்சினின் கிராங்க் தண்டு எவ்வளவு வலுவுடன் திருகப்படுகிறது என்பதைக் குறிக்கும் அளவு. அந்த வலுவைச் சுழற்சி வேகத்தால் பெருக்கினால் கிடைப்பது திறன். இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்கும் பழக்கம் இல்லாதவருக்கு எஞ்சின் தேர்வு வெறும் எண்களின் போட்டியாகவே தோன்றும்.

நேர்வரிசையில் ஆறு சிலிண்டர்களை நிறுத்துவதில் மியூனிக் பொறியாளர்கள் காட்டிய பிடிவாதத்துக்கு வலுவான இயக்கவியல் காரணம் உண்டு. பிஸ்டன் மேலும் கீழும் ஓடும்போது ஒவ்வொரு முனையிலும் நின்று திரும்ப வேண்டியிருப்பதால், அதன் நிலைமம் எஞ்சின் உடலின்மீது மாறிமாறி விசை செலுத்துகிறது. கிராங்க் தண்டின் ஒரு சுற்றுக்கு ஒருமுறை எழும் இந்த அதிர்வு முதல்நிலை விசை எனப்படுகிறது. பிஸ்டனைக் கிராங்க் தண்டோடு இணைக்கும் கோல் சாய்ந்து சாய்ந்து இயங்குவதால் பிஸ்டன் தன் பாதையின் மேற்பாதியைக் கீழ்ப்பாதியைவிட விரைவாகக் கடக்கிறது; இந்த ஏற்றத்தாழ்வு ஒரு சுற்றுக்கு இருமுறை எழும் இரண்டாம் நிலை விசையைத் தோற்றுவிக்கிறது. நான்கு சிலிண்டர் நேர்வரிசை எஞ்சினில் முதல்நிலை விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துகொண்டாலும் இரண்டாம் நிலை விசைகள் நான்கும் ஒரே திசையில் கூடிவிடுகின்றன. ஆறு சிலிண்டர் எஞ்சினிலோ கிராங்க் தண்டின் வளைவுகள் 120 பாகை இடைவெளியில் அமைந்து, முதலாவதும் ஆறாவதும், இரண்டாவதும் ஐந்தாவதும், மூன்றாவதும் நான்காவதும் இணைஇணையாக ஏறி இறங்குவதால், இருநிலை விசைகளும் அவற்றால் எழக்கூடிய முன்பின் ஆட்டமும் முழுமையாக ஈடாகிவிடுகின்றன. எதிர்ச்சுழல் தண்டு போன்ற துணைக் கருவி எதுவுமின்றி இத்தகைய சமநிலை கிடைப்பது எஞ்சின் வடிவமைப்பில் அரிது. இந்தக் காரை நான்கு சிலிண்டரிலும் ஆறு சிலிண்டரிலும் ஓட்டிப் பார்த்தவர்கள் ஸ்டீயரிங் சக்கரத்தைப் பிடித்த கையிலேயே இந்த வேறுபாட்டை உணர்வார்கள்.

இந்தச் சமநிலைக்குக் கொடுக்கப்படும் விலை நீளம். ஆறு சிலிண்டர்களை வரிசையாக நிறுத்தினால் எஞ்சின் உடலும் அதனுள் ஓடும் கிராங்க் தண்டும் நீள்கின்றன. நீண்ட ஈர வேட்டியில் முறுக்கு எளிதில் ஏறுவதும் சிறிய துண்டில் ஏறாமல் எதிர்ப்பதும் போல, நீண்ட கிராங்க் தண்டு ஒவ்வொரு எரிப்பின் உதைக்கும் தன்னளவில் முறுக்கிக்கொண்டு மீள்கிறது. இந்த முறுக்கதிர்வின் இயல்பு அதிர்வெண் தண்டு நீள நீளக் குறையும் என்பதால், மிக உயர்ந்த சுழற்சி வேகங்களில் எரிப்பின் தாளமும் தண்டின் இயல்பு அதிர்வும் ஒத்திசைந்து தண்டையே முறிக்கும் அபாயம் எழுகிறது. எஞ்சினின் முன்முனையில் ரப்பர் இடையிட்ட கனமான அதிர்வடக்கிச் சக்கரம் பொருத்தப்படுவது இதற்காகவே. பந்தயக் காராகப் பிறந்த எம்3 வகைக்கு எஞ்சின் வடிவமைத்த பால் ரோஷே, கையருகே ஆறு சிலிண்டர் எஞ்சின்கள் இருந்தும், 1986ஆம் ஆண்டு உற்பத்திக்கு வந்த அந்தக் காருக்கு 2302 சி.சி. கொண்ட நான்கு சிலிண்டர் எஞ்சினையே தேர்ந்தெடுத்ததற்கு இந்த நீண்ட தண்டின் சிக்கலும் ஒரு காரணம். பெரிய ஆறு சிலிண்டர் பந்தய எஞ்சினின் தலைப்பகுதியிலிருந்து இரண்டு சிலிண்டருக்கான பகுதியை வெட்டி நீக்கிவிட்டே அவர் தம் முதல் மாதிரியைச் செய்தார். ஆனால் பந்தயத்தில் பெரும்பொழுதும் உச்சச் சுழற்சியில் ஓடும் எஞ்சினின் தேவை வேறு. சாலையில் 2000 முதல் 5000 சுற்றுகளுக்குள் வாழும் எஞ்சினின் தேவை வேறு. சாலைக் காருக்கு ஆறு சிலிண்டரே பொருத்தம் என்ற முடிவை எம்3 மறுக்கவில்லை.

இனி, பெரிய எஞ்சின் என்பதில் பெரியது எது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். காற்றழுத்தக் கருவி எதுவும் இல்லாமல் வெளிக்காற்றைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் எஞ்சினில், ஒவ்வொரு சிலிண்டரும் ஒரு முறைக்குத் தன் கொள்ளளவை ஒட்டிய காற்றையே நிரப்பிக்கொள்ள முடியும். எரிக்கக்கூடிய பெட்ரோலின் அளவைக் காற்றே வரையறுப்பதால், முறுக்குவிசையும் கொள்ளளவை ஒட்டியே அமைகிறது. இதை ஒப்பிட உதவும் அளவு சராசரிப் பயனுறு அழுத்தம் எனப்படுகிறது. எஞ்சின் தரும் முறுக்குவிசையை அதன் கொள்ளளவால் வகுத்து, நான்கு வீச்சுச் சுழற்சிக்குரிய மாறிலியால் பெருக்கினால், பிஸ்டனின் தலைமீது ஒரு சீரான அழுத்தம் இருந்திருந்தால் அது எவ்வளவாக இருந்திருக்கும் என்பது கிடைக்கும். 325ஐ காரின் 2494 சி.சி. எஞ்சினுக்கு இது 11.2 பார். அதே நிறுவனத்தின் 735ஐ போன்ற பெரிய கார்களில் இடம்பெற்ற, 305 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும் 3430 சி.சி. எஞ்சினுக்கும் இது 11.2 பார்தான். இரண்டும் சிலிண்டருக்கு இரண்டு வால்வும் ஒற்றைக் கேம் தண்டும் கொண்டவை. பெரியது பெற்ற கூடுதல் 83 நியூட்டன் மீட்டரும் கொள்ளளவிலிருந்து மட்டுமே வந்தது, நுட்பத்திலிருந்து ஒரு துளியும் வரவில்லை.

நுட்பம் என்ன தர முடியும் என்பதற்கு ஒரு நல்ல சோதனையை மியூனிக் ஆலையே நிகழ்த்திக் காட்டியுள்ளது. 1990ஆம் ஆண்டு வெளிவந்த எம்50 எஞ்சினின் 2.5 லிட்டர் வடிவம், எம்20 போலவே 84 மி.மீ. துளை விட்டமும் 75 மி.மீ. வீச்சு நீளமும் கொண்டது. துளை விட்டம் என்பது பிஸ்டன் ஓடும் குழலின் அகலம். வீச்சு நீளம், அதாவது பட்டறைகளில் ஸ்ட்ரோக் எனப்படுவது, பிஸ்டன் மேல்முனையிலிருந்து கீழ்முனை வரை கடக்கும் தூரம். கொள்ளளவு ஒரு சி.சி. கூட மாறாதிருக்க, சிலிண்டருக்கு நான்கு வால்வும் இரட்டைக் கேம் தண்டும் கொண்ட புதிய தலைப்பகுதியே முதன்மையான வேறுபாடாக அமைந்த அந்த எஞ்சின் 192 குதிரைத்திறனும் 245 நியூட்டன் மீட்டரும் அளித்தது. சராசரி அழுத்தம் 12.3 பாராக உயர்ந்தது. மூச்சுவிடும் வழியைத் திருத்தினால் பத்து விழுக்காடு முறுக்குவிசை கூடும். அதற்குமேல் வேண்டுமெனில் கொள்ளளவைத்தான் கூட்டியாக வேண்டும் என்பதே இந்த இரட்டையர் சொல்லும் பாடம்.

கொள்ளளவைக் கூட்டுவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. எஞ்சின் அறைக்குள் எது நுழையும் என்பதை முடிவு செய்வது இந்த இடமே. துளையை அகலமாக்கினால் அடுத்தடுத்த சிலிண்டர்களின் மையங்களுக்கு இடையிலான தூரமும் கூடியாக வேண்டும். எம்20 எஞ்சினில் இந்த மையத்தூரம் 91 மி.மீ.; 3430 சி.சி. எஞ்சின் சார்ந்த எம்30 குடும்பத்தில் 100 மி.மீ. ஆறு சிலிண்டர்களுக்கு இடையே ஐந்து இடைவெளிகள் இருப்பதால், மற்ற எதையும் கணக்கில் எடுக்காமலே பெரிய எஞ்சின் 45 மி.மீ. கூடுதல் நீளத்தைக் கோருகிறது. வீச்சு நீளத்தைக் கூட்டினால் எஞ்சினின் நீளம் மாறுவதில்லை. கிராங்க் தண்டின் வளைவு அகலமாகிறது, பிஸ்டன் கூடுதல் தூரம் ஓடுகிறது. அதற்குரிய விலையைப் பிஸ்டனின் வேகம் செலுத்துகிறது: நிமிடத்துக்கு 6000 சுற்றுகளில் 75 மி.மீ. வீச்சு கொண்ட எஞ்சினின் பிஸ்டன் சராசரியாக நொடிக்கு 15 மீட்டர் வேகத்தில் ஓட, 89.6 மி.மீ. வீச்சு கொண்டதில் அது 17.9 மீட்டராகிறது. சாலைப் பயன்பாட்டுக்கு இந்த வேகம் அச்சத்துக்குரியதன்று. நீளத்தில் மிஞ்சும் 45 மி.மீ. தரும் தொல்லையே கடுமையானது.

அந்தத் தொல்லையை விலைகொடுத்து ஏற்றவர்கள் உண்டு. 1968ஆம் ஆண்டு பெரிய செடான்களுக்காக அறிமுகமான எம்30 எஞ்சினை, இடப்புற ஸ்டீயரிங்குடன் மட்டுமே தயாரிக்கப்பட்ட எம்3 காரைப் பெற முடியாத தென்னாப்பிரிக்காவில், பி.எம்.டபிள்யூ நிறுவனத்தின் ராஸ்லின் ஆலை 1980களின் நடுவில் அல்பினா நிறுவனத்தின் துணையுடன் இ30 காருக்குள் ஏற்றி 333ஐ என்ற பெயரில் விற்றது. 3210 சி.சி. கொள்ளளவும் 145 கிலோவாட் திறனும் கொண்ட அந்தக் கார் ஏறத்தாழ இருநூறு மட்டுமே செய்யப்பட்டது. எஞ்சின் அறை அவ்வளவு நெருக்கமாகிவிட்டதால், வாங்குபவர் குளிர்சாதனம் வேண்டுமா, பவர் ஸ்டீயரிங் வேண்டுமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. இரண்டுக்குமான கருவிகளை ஒரே நேரத்தில் பொருத்த இடமிருக்கவில்லை. ஒரு முழு ஆலையின் வளங்களும் அல்பினாவின் அனுபவமும் சேர்ந்தும் தீர்க்க முடியாத இடநெருக்கடியைத் தனிப் பட்டறை ஒன்று எளிதில் தீர்த்துவிடும் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது. ரேடியேட்டரை முன்னுக்குத் தள்ளுவது, எஞ்சினோடு சுழலும் விசிறியைக் கழற்றிவிட்டு மெல்லிய மின்விசிறியை வைப்பது, எம்30 எஞ்சினின் பின்புறத் துளை அமைப்புக்கு ஏற்ற வேறு கியர்பாக்ஸைத் தேடுவது என்று வேலை ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைத்துக்கொண்டே போகும்.

எடையின் கணக்கும் இங்கே கவனத்துக்குரியது. 1200 கிலோ எடையுள்ள காரில் 53 விழுக்காடு முன் அச்சின்மீது தங்கியிருப்பதாகக் கொண்டால், அங்கே 636 கிலோ அமர்கிறது. புதிய எஞ்சின் பழையதைவிட 40 கிலோ கூடுதல் எனவும், அந்த எடை முழுவதும் முன் அச்சின் மேலேயே இறங்குகிறது எனவும் வைத்துக்கொண்டால், முன்பங்கு 54.5 விழுக்காடாகிறது. ஒன்றரை விழுக்காடு சிறிதாகத் தோன்றலாம். ஆனால் காரின் ஈர்ப்பு மையத்திலிருந்து ஒரு மீட்டருக்கும் மேல் தள்ளி அமரும் எடை, வளைவில் திரும்பும்போது காட்டும் எதிர்ப்பு அந்தத் தூரத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகும் என்பதால், திருப்பத்தில் முதலில் நுழையும் கணத்தில் காரின் மூக்கு தயங்குவதை ஓட்டுநர் தெளிவாக உணர்வார். இந்தக் கார் இன்றளவும் விரும்பப்படுவதற்குக் காரணமான பண்பே அந்த நுழைவின் கூர்மைதான். அதை விற்று நேர்ச்சாலை வேகத்தை வாங்குவது மோசமான வணிகம்.

தென்னாப்பிரிக்க ஆலையே சில ஆண்டுகளில் இந்த முடிவுக்கு வந்தது போலும். 333ஐ காருக்குப் பின் அங்கே உருவான 325ஐஎஸ் என்ற வகையில் எம்30 கைவிடப்பட்டு, சிறிய எம்20 எஞ்சினின் 2.7 லிட்டர் வடிவம் இடம்பெற்றது. அதன் திறனும் 145 கிலோவாட்தான். இந்த 2.7 லிட்டருக்கான கிராங்க் தண்டு வந்த இடம் சுவையானது. செயல்திறனைக் குறிக்கும் கிரேக்க எழுத்தான ஈட்டாவின் பெயரால் அழைக்கப்பட்ட 325இ காரில், எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் நோக்குடன், 81 மி.மீ. வீச்சு கொண்ட 2693 சி.சி. எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தது. குறைந்த சுழற்சியில் மெதுவாக இயங்கி உராய்வைக் குறைப்பதற்காகவே வகுக்கப்பட்டதால் அது 122 குதிரைத்திறனோடு நின்றது. அதே நீண்ட வீச்சுத் தண்டின்மேல் 325ஐ காரின் அகன்ற வழிகள் கொண்ட தலைப்பகுதியை வைத்தால், புற அளவில் ஒரு மில்லிமீட்டரும் மாறாமல் வலுவான எஞ்சின் கிடைக்கிறது. பழைய எஞ்சினைச் செப்பனிடும் வாய்ப்பு இருக்கும் இடத்தில் இந்த வழி மிக நேர்மையானது. வயரிங், கியர்பாக்ஸ், ரேடியேட்டர் எதையும் தொடத் தேவையில்லை. டைமிங் பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதிக்கொள்ளும் என்ற எம்20 எஞ்சினின் பழைய பலவீனம் மட்டும் அப்படியே தொடரும்.

இந்த இரு வழிகளுக்கும் நடுவே, எம்50 எஞ்சினிலிருந்து தொடங்கும் 24 வால்வுக் குடும்பம் நிற்கிறது. இதன் தனிச்சிறப்பு, சிலிண்டர் மையத்தூரத்தை 91 மி.மீ. அளவிலேயே வைத்துக்கொண்டு, அடுத்த பத்து ஆண்டுகளில் வீச்சை மட்டும் நீட்டிநீட்டிக் கொள்ளளவை வளர்த்தமையே. 1995ஆம் ஆண்டு 328ஐ காரில் வந்த எம்52 எஞ்சின் 84 மி.மீ. வீச்சுடன் 2793 சி.சி. ஆனது, 2000ஆம் ஆண்டு வந்த எம்54 எஞ்சின் 89.6 மி.மீ. வீச்சுடன் 2979 சி.சி. ஆனது. கேம் தண்டுகள் சங்கிலியால் சுழற்றப்படுவதால் பெல்ட் மாற்றும் கவலை இல்லை. 1992ஆம் ஆண்டு முதல் சேர்ந்த வேனோஸ் என்னும் அமைப்பு, எண்ணெய் அழுத்தத்தைக் கொண்டு உள்வாங்கு கேம் தண்டைச் சற்றே முன்னோ பின்னோ திருப்பி, வால்வு திறக்கும் தருணத்தைச் சுழற்சி வேகத்துக்கு ஏற்ப மாற்றுகிறது. அதனால் 2.5 லிட்டர் எம்50 எஞ்சினில் உச்ச முறுக்குவிசை கிடைக்கும் வேகம் 4700 சுற்றுகளிலிருந்து 4200 சுற்றுகளுக்கு இறங்கியது.

குதிரைத்திறன் எண் எவ்வளவு மறைக்கும் என்பதற்கு இந்தக் குடும்பத்திலேயே சான்று உண்டு. 2.5 லிட்டர் எம்50 எஞ்சினின் திறன் 192, 2.8 லிட்டர் எம்52 எஞ்சினின் திறன் 193. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் முன்னது தன் திறனை 5900 சுற்றுகளில் எட்ட, பின்னது 5300 சுற்றுகளிலேயே எட்டிவிடுகிறது. முன்னதன் 245 நியூட்டன் மீட்டருக்கு எதிரே பின்னது 3950 சுற்றுகளில் 280 நியூட்டன் மீட்டர் தருகிறது. மலைச்சாலையில் மூன்றாம் கியரில் வளைவிலிருந்து வெளியேறும் ஓட்டுநர் பயன்படுத்துவது இந்த 3000, 4000 சுற்றுகளின் வட்டாரத்தையே. எம்52 எஞ்சினின் காற்று உள்வாங்கு குழாய்கள் எம்50 எஞ்சினுடையவற்றைவிடக் குறுகலானவை என்பதும் இதோடு தொடர்புடையது: குறுகிய குழாயில் காற்று விரைந்து பாய்வதால் தாழ்ந்த சுழற்சியில் சிலிண்டர் நன்கு நிரம்புகிறது; உயர்ந்த சுழற்சியில் அதே குறுகல் மூச்சை அடைக்கிறது. அகன்ற எம்50 குழாய்த் தொகுதியை எம்52 எஞ்சினில் மாட்டி உச்சத் திறனைக் கூட்டும் வழக்கம் பரவலாக இருந்தாலும், அதனால் கீழ்ச்சுழற்சியின் இழுவை சற்றுக் குறைகிறது என்பதை மறக்கலாகாது.

உலோகத்தைப் பற்றியும் இங்கே எச்சரிக்கை தேவை. எம்50 எஞ்சினின் உடல் வார்ப்பிரும்பு. எம்52 எஞ்சின் ஐரோப்பாவில் அலுமினிய உடலோடும் வட அமெரிக்காவில் வார்ப்பிரும்பு உடலோடும் விற்கப்பட்டது. அலுமினியத்தின் எடைக்குறைவு முன் அச்சுக்கு நல்லதே; ஆனால் 1998ஆம் ஆண்டுக்கு முந்தைய அலுமினிய உடல்களில் சிலிண்டரின் உட்சுவர்மீது நிக்காசில் என்ற நிக்கல், சிலிக்கான் கார்பைடு பூச்சு இடப்பட்டிருந்தது. கந்தகம் மிகுந்த பெட்ரோல் அந்தப் பூச்சை அரித்து, அழுத்தம் கசியும் நிலையை உண்டாக்கியதால், நிறுவனம் இரும்பு உள்ளுறைகளுக்கு மாறியது. பழைய அலுமினிய எம்52 எஞ்சினை வாங்குமுன் ஒவ்வொரு சிலிண்டரிலும் அழுத்தச் சோதனையும், அழுத்தக் காற்றைச் செலுத்தி எவ்வளவு கசிகிறது என்று அளக்கும் சோதனையும் செய்யாமல் பணம் கொடுப்பது விவேகமன்று. மூன்று லிட்டர் எம்54 எஞ்சினில் இந்தக் குறை இல்லை; அது 231 குதிரைத்திறனும் 3500 சுற்றுகளிலேயே 300 நியூட்டன் மீட்டரும் தருகிறது. ஆனால் அதன் காற்றுத் திறப்பி கம்பியால் இழுக்கப்படாமல் மின்னணுவால் இயக்கப்படுவதால், மின்னணு மிதி, திருட்டுத் தடுப்பு மின்சுற்று, கட்டுப்பாட்டுக் கணினி ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று பேசும்படி பழைய காருக்குள் கொண்டுவர வேண்டும். அடுத்த தலைமுறை ஐரோப்பிய எம்3 காரின் 286 குதிரைத்திறன் கொண்ட ஆறு சிலிண்டர் எஞ்சின் சிலிண்டருக்கு ஒன்றாகத் தனித்தனிக் காற்றுத் திறப்பிகள் கொண்ட அற்புதமான படைப்பு. ஆயினும் அதன் விலையும் பராமரிப்பும் இந்தத் தேர்வை வேறொரு தளத்துக்குக் கொண்டுசென்றுவிடுகின்றன.

பொருத்தும் வேலையில் எம்50 குடும்பம் அவ்வளவு முரண்டு பிடிப்பதில்லை. எஞ்சினின் அடியில் எண்ணெய் தேங்கும் சம்ப், காரின் முன்புறக் குறுக்குச் சட்டத்தின்மீது இடிக்காமல் இருப்பதற்காக, இ34 என்னும் 5 வரிசைக் காரில் வந்த எம்50 எஞ்சினின் சம்பும் எண்ணெய் உறிஞ்சு குழாயும் பயன்படுத்தப்படுகின்றன. எம்20 எஞ்சின் 20 பாகை சாய்ந்து நிற்க, எம்50 குடும்பம் 30 பாகை சாய்ந்து நிற்பதாலும் தலைப்பகுதி அகலமாக இருப்பதாலும், இடப்புற ஸ்டீயரிங் கார்களில் காற்றுக் குழாய்த் தொகுதி பிரேக் பூஸ்டரோடு மோதுகிறது. சிறிய விட்டமுள்ள பூஸ்டர் ஒன்றை மாற்றி வைப்பதே வழக்கமான தீர்வு. வலப்புற ஸ்டீயரிங் கார்களில் சிக்கல் பக்கம் மாறுகிறது: அங்கே ஸ்டீயரிங் தண்டு வெளியேற்றக் குழாய்களின் பக்கத்தில் இறங்குவதால் இடத்துக்கும் வெப்பத்துக்கும் வழிகண்டாக வேண்டும்.

எஞ்சினின் வலுவைச் சாலைக்குக் கொண்டுசேர்ப்பது பின் அச்சிலுள்ள டிஃபரென்ஷியல். அதன் பல்விகிதம், கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டு எத்தனை முறை சுற்றினால் சக்கரம் ஒருமுறை சுற்றும் என்பதைக் காட்டுகிறது. அமெரிக்காவில் விற்ற 325ஐ காரில் அது 3.73, கெட்ராக் 260 கியர்பாக்ஸின் முதல் கியர் விகிதம் 3.83. ஆகவே பழைய எஞ்சினின் 222 நியூட்டன் மீட்டர் முதல் கியரில் பின் அச்சில் ஏறத்தாழ 3170 நியூட்டன் மீட்டராகிறது. அதே விகிதங்களோடு 2.8 லிட்டர் எஞ்சினை ஏற்றினால் அது 4000 ஆகும். டயர்கள் அதைத் தாங்காமல் வழுக்கும், முதல் கியர் கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்துவிடும். சிக்கன ஈட்டா காரிலிருந்து 2.93 விகிதமுள்ள டிஃபரென்ஷியலை எடுத்து மாட்டினால் 3140 நியூட்டன் மீட்டர் கிடைக்கிறது, அதாவது பழைய இழுவைக்கு ஏறக்குறையச் சமம். ஐந்தாம் கியரில் மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் ஏறத்தாழ 2650 சுற்றுகள் சுழன்ற எஞ்சின் இப்போது 2080 சுற்றுகளில் அதே வேகத்தைத் தருகிறது. ஒவ்வொரு கியரும் நீண்ட தூரம் தாங்குகிறது. எஞ்சினின் இரைச்சலும் உராய்வு இழப்பும் குறைகின்றன. பி.எம்.டபிள்யூ தன் 328ஐ காரிலும் இதே 2.93 விகிதத்தையே பயன்படுத்தியது என்பது இந்தக் கணக்குக்கு வலுச்சேர்க்கிறது. நான்கு சிலிண்டர் இ30 கார்களில் உள்ள 168 மி.மீ. பற்சக்கரம் கொண்ட சிறிய டிஃபரென்ஷியல் இந்த முறுக்குவிசைக்கு ஏற்றதன்று. ஆறு சிலிண்டர் கார்களின் 188 மி.மீ. வகையே வேண்டும்.

வேகத்தின் இருமடிக்கு ஏற்ப இயக்க ஆற்றல் கூடுவதால் பிரேக்குகளும், எரியும் பெட்ரோலின் அளவுக்கு ஏற்ப வெப்பம் கூடுவதால் ரேடியேட்டரும் எஞ்சினோடு சேர்த்தே திட்டமிடப்பட வேண்டியவை. சட்டமும் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது: ஜெர்மனியில் அங்கீகரிக்கப்பட்ட நிபுணரின் ஆய்வுக்குப் பின் மாற்றம் வாகன ஆவணங்களில் பதியப்பட வேண்டும்; கலிஃபோர்னியாவில் ஏற்றப்படும் எஞ்சின் காரின் ஆண்டையோ அதற்குப் பிந்தைய ஆண்டையோ சேர்ந்ததாகவும், அதற்குரிய மாசுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் அனைத்தும் உடன் பொருத்தப்பட்டதாகவும் இருந்தாக வேண்டும்.

இவ்வளவையும் எடைபோட்டால், சாலையில் ஓட்டப்படும் இ30 காருக்கு 2.8 லிட்டர் எம்52 எஞ்சினே மற்றவற்றைவிட ஒருபடி மேலானது என்று கருத இடமுண்டு. நிக்காசில் ஐயம் இருக்கும் சந்தைகளில் வார்ப்பிரும்பு உடல்மீது அதே 84 மி.மீ. வீச்சுத் தண்டை அமைத்துக்கொள்வதும் தகும். நீளத்தை மீறாமல், மின்னணுச் சிக்கலில் ஆழமாக இறங்காமல், கொள்ளளவு தரும் முறுக்குவிசையையும் நான்கு வால்வு தரும் மூச்சையும் அது ஒருசேரத் தருகிறது. சம்பை மாற்றுவதற்காக எஞ்சினைத் தாங்கியில் கவிழ்க்கும்போது, எண்ணெய்ப் பம்பைச் சுழற்றும் பல்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஒற்றை நட்டு கண்ணெதிரே வரும். உயர் சுழற்சியில் தொடர்ந்து ஓட்டப்பட்ட எம்50, எம்52 எஞ்சின்களில் அந்த நட்டு தளர்ந்து கழன்றால் எண்ணெய் அழுத்தம் நொடியில் இல்லாமல்போய், கிராங்க் தண்டின் தாங்கிகள் உலர்ந்து உருகிவிடும். எஞ்சின் தாங்கியில் இருக்கும்போதே நட்டில் துளையிட்டுக் கம்பியால் பிணைத்துவிடுவது சிறிய வேலைதான். எஞ்சின் காருக்குள் ஏறிய பிறகு அதே வேலைக்கு முன்புறக் குறுக்குச் சட்டத்தையே இறக்க வேண்டியிருக்கும்.